விஓ2 மேக்ஸ் பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன்: புதிதாக ஓடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உடல் உச்சபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளக்கும் விஓ2 மேக்ஸ் பரிசோதனையை நான் இரண்டு முறை செய்துகொண்டேன். முதல் முறை கொடுத்த பணம் வீண். ஓடுபவனான என்னைச் சைக்கிளில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். ஒரே ஒரு எண் அச்சிட்ட தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்: 49. என் கைக்கடிகாரமோ 55 என்று காட்டிக்கொண்டிருந்தது. எது சரி என்று கேட்கக்கூட எனக்குத் தெரியவில்லை. அந்த எண்ணை ஏற்றியே தீருவது என்று இரண்டரை மாதம் கடுமையான இன்டர்வல் ஓட்டங்களாக (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி) ஓடினேன். கால் வலி வந்தது, 10 கிலோமீட்டர் நேரம் 51 நிமிடத்தைவிட்டு அசையவில்லை.

இரண்டாவது முறை விசாரித்துவிட்டுப் போனேன். டிரெட்மில்லில் 53 வந்தது. அதைவிட முக்கியமான இன்னும் இரண்டு எண்களும் கிடைத்தன. அவற்றை வைத்துப் பயிற்சியை மாற்றிய பிறகு 10 கிலோமீட்டர் 48 நிமிடத்துக்குள் வந்தது. விஓ2 மேக்ஸ் அதே 53-இல்தான் இருக்கிறது. இந்த அனுபவத்தில் நான் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். நீங்களும் அதே பணத்தையும் மாதங்களையும் இழக்க வேண்டாம்.

1. முதலில், அந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்ற எல்லாம் இதில்தான் நிற்கிறது.

உங்களால் முடிந்த உச்சபட்ச உழைப்பில் உடல் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதே விஓ2 மேக்ஸ். அதை உடல் எடையால் வகுத்து, ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று சொல்வார்கள். இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது, அந்த இரத்தத்திலிருந்து தசைகள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன, இந்த இரண்டின் பெருக்கல்தான் அது. உச்ச நிலை ஆண் ஓட்டவீரர்களிடம் பொதுவாக 70 முதல் 85 வரையிலும், பெண்களிடம் 60 முதல் 75 வரையிலும் பார்க்கலாம். பயிற்சி இல்லாத இளைஞர்கள் பெரும்பாலும் 35 முதல் 45 வரை இருப்பார்கள். இளம்பெண்களுக்கு இது கொஞ்சம் குறையும்.

ஆக, விஓ2 மேக்ஸ் ஒரு மேற்கூரை. கூரை தாழ்வாக இருந்தால் ஓரளவுக்கு மேல் வேகம் வராது, அது உண்மை. ஆனால் நீண்ட தூர ஓட்டத்தை யாரும் கூரையில் தலை முட்ட ஓடுவதில்லை. நன்கு பயிற்சி பெற்றவர்கள் 10 கிலோமீட்டரை ஏறக்குறைய 90 சதவீதத்திலும், மாரத்தானை 75 முதல் 85 சதவீதத்திலும் ஓடுகிறார்கள். எனவே பந்தய நேரத்தை மூன்று விஷயங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன:

- கூரை எவ்வளவு உயரம். இது விஓ2 மேக்ஸ்.
- அதில் எத்தனை சதவீதத்தை நீண்ட நேரம் தாங்க முடியும். இதை லாக்டேட் த்ரெஷோல்ட் காட்டும்; கடும் உழைப்பில் தசைகள் வெளியிடும் லாக்டேட் என்ற பொருள் இரத்தத்தில் குவியத் தொடங்கும் வேகம் அது.
- ஒரு கிலோமீட்டர் ஓட எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது. இதை ரன்னிங் எகானமி என்பார்கள். நான் ஓட்டச் சிக்கனம் என்று சொல்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலாமவருக்கு விஓ2 மேக்ஸ் 60. ஒரு கிலோமீட்டர் ஓட, கிலோ எடைக்கு 220 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகிறது. 60-ஐ 220-ஆல் வகுத்து 60 நிமிடத்தால் பெருக்கினால், அவர் கூரையைத் தொடும் வேகம் மணிக்கு 16.4 கிலோமீட்டர். இரண்டாமவருக்கு விஓ2 மேக்ஸ் 55 மட்டுமே. ஆனால் கிலோமீட்டருக்கு 190 மில்லிலிட்டர்தான் செலவு. அவருக்கு அந்த வேகம் 17.4. முதலாமவர் அதில் 80 சதவீதத்தையும் இரண்டாமவர் 85 சதவீதத்தையும் தாங்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஓடும் வேகம் 13.1-ம் 14.8-ம். அரை மாரத்தானில் இது 11 நிமிட வித்தியாசம், அதுவும் விஓ2 மேக்ஸ் குறைந்தவருக்குச் சாதகமாக!

இது தாளில் மட்டும் வரும் கணக்கு இல்லை. 1972 ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்ற ஃபிராங்க் ஷார்ட்டருக்கு அளந்தது 71.3. அதே காலத்தில் ஓடிய ஸ்டீவ் பிரிஃபான்டேனுக்கு 84.4. இருந்தும் 3 மைல் ஓட்டத்தில் இருவருடைய சிறந்த நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரிட்டிஷ் ஓட்டவீராங்கனை பவுலா ராட்கிளிஃபை 1992 முதல் 2003 வரை தொடர்ந்து அளந்தார்கள். அவருடைய விஓ2 மேக்ஸ் 70-ஐ ஒட்டியே நின்றது. ஆனால் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில், கிலோமீட்டருக்கு 205 மில்லிலிட்டராக இருந்த செலவு 175-ஆக இறங்கியது. 2003-இல்தான் அவர் 2:15:25 என்ற மாரத்தான் உலக சாதனையைப் படைத்தார்.

சரி, அப்படியானால் விஓ2 மேக்ஸ் பயனற்றதா? இல்லை. பலதரப்பட்ட ஆட்களை ஒரே கூட்டத்தில் நிறுத்தினால், யார் முன்னால் வருவார் என்பதை இந்த எண் நன்றாகவே கணிக்கும். 40 உள்ளவர் 65 உள்ளவரை ஜெயிக்க மாட்டார். ஒரே அளவு திறமை உள்ளவர்களை ஒப்பிடும்போதுதான் அதன் கணிப்புச் சக்தி விழுந்துவிடுகிறது. உங்கள் ஓட்டக் குழுவில் நீங்கள் ஒப்பிட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையை.

2. செலவில்லாத அளவீடுகளை முதலில் முடித்துவிடுங்கள்

ஆய்வகத்துக்குப் போகும் முன் கூப்பர் பரிசோதனையைச் செய்யுங்கள். 400 மீட்டர் தடகள மைதானமும் ஒரு கடிகாரமும் போதும். நன்றாக உடலைச் சூடேற்றிவிட்டு, 12 நிமிடத்தில் முடிந்த அளவு தூரம் ஓடுங்கள். ஓடிய மீட்டரிலிருந்து 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுத்தால் உங்கள் மதிப்பீடு வரும். 2,600 மீட்டர் ஓடினால் 46.8.

முதல் மூன்று நிமிடம் வேகமாகப் போய்விட்டு அப்புறம் திணறுவதுதான் இதில் எல்லோரும் செய்யும் தவறு. ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டாவது முறை ஓடுங்கள், அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

கைக்கடிகாரம் காட்டும் எண் அளவீடு அல்ல, மதிப்பீடு. இந்த வேகத்தில் இந்த இதயத் துடிப்பு என்றால் உச்சம் இவ்வளவு இருக்கும் என்று அது ஊகிக்கிறது. ஊகத்தின் அடிப்படை உங்கள் உச்ச இதயத் துடிப்பு. பலரும் அதை 220-இலிருந்து வயதைக் கழித்த எண்ணாகவே விட்டுவைத்திருப்பார்கள். அந்தச் சூத்திரம் ஒரு தனி மனிதருக்கு 10, 12 துடிப்பு தவறுவது மிகச் சாதாரணம். உங்கள் உண்மையான உச்சம் அதைவிடக் குறைவாக இருந்தால், கடிகாரம் உங்களை உண்மையைவிட வலிமையானவராகக் காட்டும். என் 55 அப்படி வந்ததுதான். வெயிலில் ஓடினாலும் மேடு பள்ளத்தில் ஓடினாலும் எண் கீழே இறங்கும். மணிக்கட்டு சென்சார் சில நேரம் துடிப்புக்குப் பதிலாகக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். மார்புப் பட்டை போட்டு ஓடினால் இந்தக் கடைசிச் சிக்கல் பெருமளவு தீரும்.

உங்கள் தேவை பொதுவான ஆரோக்கியமும் முதல் 5 கிலோமீட்டரும் மட்டும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆய்வகத்துக்குச் செலவிடும் பணத்தில் நல்ல ஷூ வாங்குங்கள்.

3. பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

பல்கலைக்கழக விளையாட்டு அறிவியல் துறைகள், விளையாட்டு மருத்துவ மையங்கள், சில பெரிய மருத்துவமனைகள் ஆகிய இடங்களில் இந்தப் பரிசோதனை நடக்கும். ஆய்வுக்கு ஆள் தேடும் பல்கலைக்கழகங்களில் சில நேரம் இலவசமாகவே செய்துகொள்ளலாம், முதலில் அங்கே விசாரியுங்கள். போனிலேயே இவற்றைக் கேளுங்கள்:

- டிரெட்மில்லா, சைக்கிளா? ஓடுபவர் சைக்கிளில் சோதித்தால் எண் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் குறைந்து வரும். என் 49-க்கும் 53-க்கும் இடையிலிருந்த வித்தியாசம் இதுதான். சைக்கிள் ஓட்டுபவர் சைக்கிளில்தான் செய்ய வேண்டும்.
- மூச்சுக் காற்றை மாஸ்க் வைத்து நேரடியாக அளக்கிறீர்களா? டிரெட்மில்லில் ஓடவிட்டு, வேகத்தையும் சரிவையும் சூத்திரத்தில் போட்டு எண் சொல்லும் இடங்களும் உண்டு. அதற்கும் விஓ2 மேக்ஸ் டெஸ்ட் என்றே பெயர் வைத்திருப்பார்கள்.
- லாக்டேட் அல்லது மூச்சு வழி த்ரெஷோல்ட் ரிப்போர்ட்டில் வருமா?
- குறைந்தது இரண்டு மூன்று நிலையான வேகங்களில் ஆக்சிஜன் செலவைத் தருவீர்களா? ஓட்டச் சிக்கனம் இதில்தான் தெரியும்.
- மூலத் தரவுக் கோப்பு கிடைக்குமா?
- பாதியில் நிறுத்த நேர்ந்தால் மறுபடி செய்யக் கட்டணம் உண்டா?

கட்டணத்தைப் பொறுத்தவரை, லாக்டேட் சேர்ந்த பரிசோதனை விஓ2 மேக்ஸ் மட்டும் செய்வதைவிட அதிகமாக இருக்கும். ஒவ்வொரு படியிலும் விரல் நுனியிலோ காது மடலிலோ ஒரு சொட்டு இரத்தம் எடுக்கிறார்கள், ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு சோதனைப் பட்டை செலவாகிறது. மூச்சு வழி த்ரெஷோல்டுக்கு இந்தக் கூடுதல் செலவு இல்லை. மாஸ்க் தரவிலிருந்தே அதைக் கணித்துவிடலாம், கேட்டால் பலரும் போட்டுத் தருவார்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் த்ரெஷோல்ட், அடுத்தது சிக்கனம், கடைசியாக விஓ2 மேக்ஸ். மருத்துவர் ஆலோசனை, இசிஜி, ரிப்போர்ட்டை விளக்கும் நேரம் ஆகியவை கட்டணத்துக்குள் அடங்குமா, தனியா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. கையில் வேண்டிய தாள்கள்

பெரும்பாலான இடங்களில் உடல்நலக் கேள்வித்தாளும் ஒப்புதல் படிவமும் தருவார்கள். முந்தைய நாளே கேட்டு வாங்கி, வீட்டில் நிதானமாகப் படித்து நிரப்புங்கள். அடையாள அட்டையையும் எடுத்துப் போங்கள். மருத்துவச் சான்று எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் இதய நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், குடும்பத்தில் இளம் வயது இதய மரணம், ஓடும்போது மார்பு வலி அல்லது மயக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால், மருத்துவரைப் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்காமல் போகவே கூடாது. உச்சம் வரை உடலைத் தள்ளும் பரிசோதனை இது. கேள்வித்தாளில் எதையும் மறைக்காதீர்கள்.

நீங்கள் எடுக்கும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டு போங்கள். பீட்டா பிளாக்கர் வகை மருந்து இதயத் துடிப்பை இறக்கிவிடும், துடிப்பை வைத்துப் போடும் எல்லாக் கணக்கும் அதனால் மாறும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், சோதிப்பவரிடம் சொன்னால் போதும்.

முடிந்தால் சமீபத்திய ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது) அளவுகளும் கையில் இருக்கட்டும். ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின்தான். இரத்தசோகை இருக்கும்போது விஓ2 மேக்ஸ் அளந்தால், உங்கள் பயிற்சியை அல்ல, இரத்தசோகையைத்தான் அளக்கிறீர்கள். மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு உள்ள பெண்கள் இதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

5. எப்போது போவது

பயிற்சிச் சுழற்சியின் தொடக்கத்தில் போங்கள். பந்தயத்துக்கு முந்தைய வாரம் போவது வீண்; கிடைக்கும் தகவலை வைத்து எதையும் மாற்ற நேரம் இருக்காது. காய்ச்சல் வந்து போயிருந்தால் முழுவதும் தேறிய பிறகு போங்கள். இரண்டு மூன்று வாரம் ஓடாமல் இருந்துவிட்டுப் போனாலும் எண் சில சதவீதம் குறைந்தே வரும். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உள்ள ஊரில் அளந்ததைத் தாழ்வான ஊரில் அளந்ததோடு ஒப்பிடாதீர்கள். அந்த உயரத்துக்குமேல், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் தோராயமாக ஒரு சதவீதம் இறங்கும்.

6. பரிசோதனை நாள்

முந்தைய 24 மணி நேரம் கடும் ஓட்டம் வேண்டாம், 48 மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. கனமான சாப்பாட்டை மூன்று மணி நேரத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். அன்று காபி, டீ தவிர்க்கலாம். முடியாது என்றால் அடுத்த முறையும் அதே அளவு குடியுங்கள். எப்போதும் ஓடும் ஷூவையே போட்டுக்கொள்ளுங்கள். டிரெட்மில்லில் ஓடிப் பழக்கம் இல்லையென்றால், முந்தைய வாரம் இரண்டு முறையாவது ஏறிப் பழகுங்கள். நான் பழகாமல் போனதால் முதல் ஐந்து நிமிடம் கைப்பிடியைத் தேடுவதிலேயே போனது. கைப்பிடியைப் பிடித்து ஓடினால் அளவீடே கெட்டுவிடும்.

முழு அப்பாயின்ட்மென்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பொதுவாக நடப்பது இப்படி: எடை, உயரம், இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். அப்புறம் மூன்று நான்கு நிமிடம் நீளும் படிகளாக வேகத்தைக் கூட்டி, ஒவ்வொரு படி முடிவிலும் லாக்டேட் எடுப்பார்கள். சிக்கனமும் த்ரெஷோல்டும் இதிலிருந்து வருகின்றன. சிறிது ஓய்வுக்குப் பிறகு ரேம்ப் டெஸ்ட்: நிமிடத்துக்கு நிமிடம் வேகமோ சரிவோ கூடும், 8 முதல் 12 நிமிடத்துக்குள் உங்களால் முடியாமல் போக வேண்டும். 20 நிமிடம் இழுத்தால் உச்சத்தைத் தொடும் முன்பே கால் சோர்ந்துவிடும். நான்கு நிமிடத்தில் முடிந்தால் ஆக்சிஜன் பயன்பாடு மேலே வர நேரமிருக்காது.

மாஸ்க் முகத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் எண் குறையும். வாயு அளவியை அன்று காலை சரிபார்த்தார்களா என்று கேட்பதிலும் தயக்கம் வேண்டாம், நல்ல ஆய்வகத்தில் அதைச் சந்தோஷமாகவே சொல்வார்கள்.

மார்பு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே கை காட்டி நிறுத்துங்கள். மற்றபடி, இனி முடியாது என்று தோன்றிய பிறகும் பெரும்பாலானவர்களிடம் அரை நிமிடம் மிச்சம் இருக்கும்.

7. ரிப்போர்ட்டை அங்கேயே சரிபாருங்கள்

உண்மையிலேயே உச்சத்தைத் தொட்டீர்களா என்பதுதான் முதல் கேள்வி. வேகம் கூடியும் ஆக்சிஜன் பயன்பாடு கூடாமல் தட்டையாகும் இடம் வரைபடத்தில் தெரிந்தால் தெளிவு. எல்லோருக்கும் அது வராது. அப்போது துணை அடையாளங்களைப் பாருங்கள்: வெளியேறும் கார்பன் டை ஆக்சைடுக்கும் எடுத்துக்கொண்ட ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் 1.10-ஐத் தாண்டியிருக்க வேண்டும், இரத்தத்தில் லாக்டேட் லிட்டருக்கு 8 மில்லிமோலை ஒட்டியோ மேலேயோ இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் அந்த எண்ணை விஓ2 மேக்ஸ் என்று சொல்லக் கூடாது. அன்று எட்டிய உயரம், அவ்வளவுதான்.

அடுத்து, லிட்டர் கணக்கையும் எழுதி வாங்குங்கள். 70 கிலோ எடையில் நிமிடத்துக்கு 3.5 லிட்டர் என்றால் 50 வரும். அதே 3.5 லிட்டரோடு எடை 66 கிலோவாக இறங்கினால் 53 காட்டும். இதயமும் தசையும் மாறவில்லை, வகுக்கும் எண் மாறியிருக்கிறது. இதைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைக் குறைக்கும் இளம் ஓட்டக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். மிகவும் கவலையாக இருக்கிறது. உணவு போதாமல் ஓடினால் எலும்பு முறிவும் ஹார்மோன் கோளாறும்தான் வரும்.

த்ரெஷோல்டில் இரண்டு புள்ளிகள் இருக்கும். முதலாவது, லாக்டேட் மெல்ல ஏறத் தொடங்கும் இடம். இதற்குக் கீழே வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடலாம். இரண்டாவது, லாக்டேட் குவியத் தொடங்கும் இடம். தோராயமாக ஒரு மணி நேரம் தாங்கும் வேகம். 2 மில்லிமோல், 4 மில்லிமோல் என்று எல்லோருக்கும் ஒரே கோடு போட்டுக் கொடுத்திருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆளுக்கு ஆள் அது மாறும், உங்கள் வளைவைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.

8. எண்களைப் பயிற்சியாக மாற்றுவது

என் இரண்டாவது ரிப்போர்ட்டில், விஓ2 மேக்ஸைத் தொடும் வேகம் மணிக்கு 14.8 கிலோமீட்டர், இரண்டாவது த்ரெஷோல்ட் 11.4. அதாவது 77 சதவீதம். கூரை போதுமான உயரத்தில் இருந்தது, நான்தான் அதற்கு வெகு கீழே ஓடிக்கொண்டிருந்தேன். அதனால் இன்டர்வலை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்தேன். வாரம் ஒரு நாள் த்ரெஷோல்ட் வேகத்தில் 8 நிமிடம் மூன்று முறை, மீதி எல்லாம் முதல் த்ரெஷோல்டுக்குக் கீழே மெதுவான ஓட்டம். ஐந்து மாதத்தில் 11.4 என்பது 12.3 ஆனது.

உங்களுக்கு இது தலைகீழாக இருக்கலாம். த்ரெஷோல்ட் ஏற்கெனவே 88, 90 சதவீதத்தில் இருந்தால் கூரை முட்டுகிறது என்று அர்த்தம். அப்போது 4 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெதுவான ஓட்டம் என நான்கு முறை ஓடுவது போன்ற இன்டர்வல்கள் வேலை செய்யும். வேகப் பகுதியில் துடிப்பு உச்சத்தின் 90 முதல் 95 சதவீதத்தில் இருக்க வேண்டும். சிக்கனம் மோசமாக இருந்தால் பொறுமை தேவை. வருடக்கணக்கான ஓட்டத் தூரம், எடை தூக்கும் பயிற்சி, குதிக்கும் பயிற்சி ஆகியவை அதைச் சரிசெய்யும்.

புதிதாகத் தொடங்குபவருக்குச் சில மாதங்களில் விஓ2 மேக்ஸ் சராசரியாக 15 முதல் 20 சதவீதம் ஏறும். ஆனால் ஒரே பயிற்சிக்கு ஒருவருக்கு நிறைய ஏறும், இன்னொருவருக்குக் கொஞ்சமே ஏறும். அதில் பரம்பரைக்கு உள்ள பங்கு பெரியது. பக்கத்தில் ஓடுபவருக்கு ஏறியது உங்களுக்கு ஏறவில்லை என்பதற்காக உழைப்பைக் குறை சொல்லாதீர்கள்.

9. மறுபரிசோதனை

குறைந்தது 8 முதல் 12 வாரம் கழித்துப் போங்கள். அதே ஆய்வகம், அதே கருவி, அதே படிகள், முடிந்தால் அதே நேரம். ஒரே ஆளை அடுத்தடுத்த நாளில் அளந்தாலும் சில சதவீதம் மாறும், ஆகவே 53 என்பது 54 ஆனதை முன்னேற்றம் என்றோ 52 ஆனதைச் சரிவு என்றோ எடுத்துக்கொள்ள முடியாது. மறுமுறைக்குப் பணம் இல்லையென்றால் த்ரெஷோல்டை மட்டும் பாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால், சமதளத்தில் 30 நிமிடம் சீராக முழு முயற்சியோடு ஓடி, தூரத்தையும் கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே பாதையில், ஏறக்குறைய அதே வெப்பநிலையில் மீண்டும் ஓடி ஒப்பிடுங்கள்.